கதவு எண் 4/17

ஜூன் 30, திங்கள்

இந்த டைரியை அம்மாதான் கொண்டுவந்தாள். கட்டடப் பொறியாளர்கள் மாநாட்டுக்கு வந்த யாரோ அறையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் எழுதியிருந்த இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டேன். ஒன்றில் லிஃப்ட் அளவுகள். இன்னொன்றில் வீட்டுக்கு வாங்க வேண்டிய யூகலிப்டஸ் தைலம், நான்கு பாட்டில். எல்லாப் பக்கங்களின் அடியிலும் ‘முகில் மாநாட்டு மையம், மேல்சோலை. உங்களுக்காக ஒரு மலை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அம்மா அங்கேதான் அறைகளைச் சுத்தம் செய்கிறாள்.

இன்று வேலையில் சேர்ந்தேன். மேல்சோலைப் பேரூராட்சியில் தற்காலிகக் கணக்கெடுப்பாளர், இரண்டு மாதம். என்னையும் சேர்த்து மூன்று பேர். பழைய பஸ் ஸ்டாண்டு இருந்த இடத்தில் அரசு 120 வீடுகள் கட்டப்போகிறது. சொந்த வீடோ மனையோ இல்லாமல் இங்கே வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று வீடு வீடாகப் போய் எழுத வேண்டும். 120 குடும்பமாவது தேறவில்லையென்றால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும், இடம் மாநாட்டு மையத்தின் கார் நிறுத்தத்துக்குப் போய்விடும் என்று செயல் அலுவலர் குமாரசாமி சார் சொன்னார். “இந்த ஊர்ல 120 என்னம்மா, 300 தேறும்” என்றும் அவரே சொன்னார். அவர் இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். அலுவலகத்துக்குள்ளேயும் மப்ளர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்: ஆரோக்கிய ஜெசிந்தா, பி.எஸ்சி. பட்டத்தைச் சேர்த்து எழுதச் சொன்னது அம்மா. எங்கள் வீட்டில் பெயருக்குப் பின்னால் எழுத ஏதாவது இருக்கும் முதல் ஆள் நான்தான்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்: “வணக்கம், பேரூராட்சியிலருந்து வர்றேன்.” முதல் வீட்டில் கதவைத் திறந்த அம்மாள் நான் வாயைத் திறப்பதற்குள் “காலிஃபிளவர் வேணாம்மா” என்று மூடிவிட்டார்.

ஜூலை 3, வியாழன்

31 வீடு, நான்கு நாய், ஒரு குரங்கு. இரண்டு படிவங்கள் குரங்கிடம் போய்விட்டன.

ஜூலை 7, திங்கள்

படிவம் எளிதானதுதான். கதவு எண்ணை எழுதி, கதவைத் திறப்பவர் அந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். சொந்த வீடு என்றால் குறியீடு 1. வாடகை என்றால் 2, அதற்குப் பிறகு இன்னும் பதினெட்டுக் கேள்விகள். விடுதியாகவோ சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்கோ பயன்படும் வீடு என்றால் 3, அதோடு முடிந்தது. பூட்டிய வீடு 4.

மதியம் சாப்பிடும்போது சார் கேட்டார், “நீ எங்கம்மா குடியிருக்க?”

“சவேரியார் தெரு சார். பதினாறு வருஷமா அதே வீடுதான்.”

“அட, அப்ப சொந்த வீடு. குடுத்து வெச்சவ.”

பில் கலெக்டர் மும்தாஜ் அக்கா தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷம் என்றுதான் சொன்னேன். அது உண்மை.

திண்டுக்கல்லில் கல்லூரி விடுதியில் இருந்தபோதும் இப்படித்தான். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று சொல்லியிருந்தேன். அதுவும் உண்மைதான், தெரியும்.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் விசாலம் பெரியம்மா வந்தார். எங்கள் வரிசையில் ஆறு வீடும் அவருடையது. உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே, “அருள்மேரி, பதினேழுலருந்து இருவது வரைக்கும் பல்லு டாக்டருங்க வர்றாகளாம். ஆயிரத்து இருநூறு பேராம். ஒதுங்கிக்கிருங்க” என்றார்.

அம்மா “சரிக்கா” என்றாள். வலது கன்னத்தில் கையை வைத்திருந்தாள். ஒரு மாதமாகக் கடைவாய்ப்பல் வலி.

வெளியூர்க்காரர்கள் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன் (யார் படிக்கப்போகிறார்கள்?). ஒதுங்குவது என்றால் இதுதான். விடுதிகள் நிரம்பி வழியும் நாட்களில் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டைக் காலிசெய்து கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்காரர் அதை வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார். கூட்டம் போனதும் நாங்கள் திரும்பி வரலாம். இதற்கு ஒப்புக்கொண்டால்தான் இந்த ஊரில் எங்களைப் போன்றவர்கள் கொடுக்கக்கூடிய வாடகைக்கு வீடு கிடைக்கும். யாரும் எழுதிக்கொடுப்பதில்லை, யாரும் எதிர்த்துப் பேசுவதுமில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மே மாதத்தில் பத்து நாள் மட்டும்தான். அது விளையாட்டாகக்கூட இருக்கும். மையம் கட்டிய பிறகு மழையிலும் பனியிலும் மாநாடு. போன வருஷம் ஒன்பது தடவை ஒதுங்கினோம்.

விசாலம் பெரியம்மா கெட்டவர் இல்லை. தன் வீட்டையும் கொடுத்துவிட்டு அவரே அடுப்படியில்தான் படுப்பார்.

ஜூலை 15, செவ்வாய்

இருபதாம் தேதிக்குள் கணக்கு மாவட்டத்துக்குப் போக வேண்டுமாம். மீதியிருக்கும் தெருக்களைச் சார் பிரித்துக் கொடுத்தார். “சவேரியார் தெருவும் அதைச் சுத்தி இருக்கறதும் ஜெசிந்தாவுக்கு. அவ ஏரியா, சீக்கிரம் முடிச்சிடுவா.”

அந்த நாட்களில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் இருக்கமாட்டார்கள் என்று கேட்பார். பிறகு நீ எங்கே இருப்பாய் என்று கேட்பார்.

சரி சார் என்றேன்.

ஜூலை 16, புதன்

மூட்டை கட்டினோம். டிரங்குப் பெட்டி, இரண்டு மெத்தை, அடுப்பு, குக்கர், என் சான்றிதழ் பை. எங்கள் வழக்கப்படி எல்லாவற்றின் மேலும் சாக்பீஸால் கதவு எண்ணை எழுதினோம்: 4/17. போய்த் தங்கும் இடத்தில் ஒரே மாதிரி குக்கர் இருபது இருக்கும், எழுதாவிட்டால் சண்டைதான். வீட்டுச் சுவரில் மாதா படத்தை மட்டும் விட்டுவைப்போம். பல் டாக்டர்களையும் மாதா பார்த்துக்கொள்ளட்டும் என்பாள் அம்மா.

ஜூலை 17, வியாழன்

பூண்டு குடோன். பஜாருக்குக் கீழே இருக்கிறது. அறுவடை இல்லாத மாதங்களில் பாதி காலியாக இருக்கும். சாக்குகளை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு, சேலைகளையும் தார்ப்பாய்களையும் கயிற்றில் கட்டி அறைகளாகப் பிரித்துக்கொள்வோம். முப்பத்தொரு குடும்பம். எனக்கு எண்ணிப் பார்க்காமலே தெரியும்.

ஜீப் ஓட்டும் பவுல்ராஜ் மாமா வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். “வாங்க, வாங்க. முகில் பூண்டு மையத்துக்கு உங்களை அன்போட வரவேற்கிறோம். கடலைப் பார்த்த ரூம் வேணுமா, சாக்கைப் பார்த்த ரூம் வேணுமா?”

“யோவ், கக்கூஸைப் பார்க்காத ரூமா இருந்தாச் சரி” என்றாள் அம்மா. பல் வலியோடு சிரித்தாள்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் குடோனிலிருந்து கிளம்பி, என் தெருவுக்கு, படிவக் கட்டோடு போனேன்.

4/12: சேலத்து டாக்டர்கள் மூன்று பேர். குறியீடு 3. 4/13: பூட்டு. மறுபடி போனபோது திறந்தது, 3. 4/14, 15, 16: எல்லாம் 3.

4/17.

எங்கள் வீட்டுக் கதவை நான் தட்டியதே இல்லை. கொண்டி இடது பக்கம் தொங்கும், கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். தட்டினேன். ஸ்வெட்டர் போட்ட நடுத்தர வயதுக்காரர் திறந்தார். உள்ளேயிருந்து எங்கள் வீட்டு வாசனை வரவில்லை, சென்ட் வாசனை வந்தது. அம்மா கட்டிலென்று சொல்லும் பலகையில் இரண்டு சூட்கேஸ்கள் திறந்து கிடந்தன. மாதா படத்தின் ஆணியில் ஒரு கோட்டு தொங்கியது. மாதாவின் முகம் தெரியவில்லை.

“வணக்கம், பேரூராட்சியிலருந்து வர்றேன்” என்றேன். பத்துத் தடவை சொல்லிப் பார்த்தது உதவியது.

“வாங்க, வாங்க. மழையில நிக்காதீங்க, உள்ள வாங்கம்மா.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவர் நல்லவர். கோயம்புத்தூரில் மருத்துவமனை வைத்திருக்கிறாராம். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி எங்கள் எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார். விளிம்பு நசுங்கின டம்ளர், அது என்னுடையது. நசுங்கின பக்கத்தை வெளியே திருப்பிப் பிடித்துக் குடித்தேன், எப்போதும்போல.

“அழகான சின்ன வீடு. ஜன்னலைத் திறந்தா பள்ளத்தாக்கு அப்படியே தெரியுது. இங்க யாரும்மா குடியிருக்காங்க?”

பேனா என் கையில் இருந்தது. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

“இது... விடுதி சார்” என்றேன்.

கதவு எண் 4/17, குறியீடு 3. கையெழுத்து: ஆ. ஜெசிந்தா.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன். அவர் “அட, எதுக்கும்மா” என்றார்.

ஜூலை 19, சனி

மும்தாஜ் அக்கா என் பக்கத்தில் வந்து முகர்ந்தார். “என்னடி, காலங்காத்தாலயே பூண்டு ரசமா?”

“ஆமாக்கா.”

“ரெண்டு நாளா அதே ரசமா?”

அலுவலகக் கழிவறைக்குப் போய் துப்பட்டாவைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். ஈரத்தோடு உட்கார்ந்து மொத்தப் படிவங்களையும் அடுக்கிக் கொடுத்தேன்.

ஜூலை 21, திங்கள்

வீடு திரும்பினோம். அம்மா முதலில் பெட்டியிலும் மெத்தையிலும் இருந்த எண்களை ஈரத்துணியால் அழித்தாள். எப்போதும் அதைத்தான் முதலில் செய்வாள், அடுப்பு பற்றவைப்பதற்கும் முன்னால்.

ஜன்னல் திண்டில் டாக்டர் எட்டு டூத் பேஸ்ட்டும் நான்கு பிரஷ்ஷும் வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஆயிரத்து இருநூறு பல்லு டாக்டரு வந்து போயிருக்காக. நாலு நாளா அவுக மெத்தைவிரிப்பை உதறினேன், அவுக ஈரத் துண்டைப் பொறுக்கினேன். ஒருத்தர்கிட்டயாவது இந்த வாயைத் திறந்து காட்டலாம்ல? திறக்கலையே.”

“கேட்டிருக்கலாம்லம்மா.”

“நீ எவர்கிட்டக் கேட்ட, எதைக் கேட்ட, சொல்லு.”

நான் பிரஷ்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28, திங்கள்

முடிவு வந்துவிட்டது. தகுதியான குடும்பங்கள் 104.

குமாரசாமி சார் மப்ளரைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “எப்படிம்மா? ஊர்ல பாதிப்பேர் வாடகைல இருக்கற மாதிரிதானே தெரியுது? மாவட்டத்துல வேற போய் நான் 300ன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்.” யார்மீதும் கோபப்படவில்லை. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். விடுபட்டவர்கள் ஆகஸ்ட் 14 வரை எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு இடம் மையத்துக்கு.

பசை தடவி ஒட்டியது நான்தான். காற்றில் ஒரு மூலை எழும்பிக்கொண்டே இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

குறியீடு 3 போட்ட படிவங்களைத் தனியாக எடுத்து, அதில் உண்மையான விடுதிகளைக் கழித்தேன். மீதி 31.

104, 31. 135.

ஜூலை 31, வியாழன்

குடோனில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து விடுபட்டோர் மனுவைக் கொடுத்தேன். ஒருவரும் வாங்கவில்லை.

பவுல்ராஜ் மாமா ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: “பதினெட்டாம் தேதி ஏன் வீட்டுல இல்லைன்னு அதுல காரணம் எழுதணும்ல? வீட்டுக்காரரு கிளப்பிவிட்டாருன்னு எழுதவா? லைசென்ஸ் இல்லாம ரூம் விடுறாகன்னு அவுகளுக்கு அபராதம் போடுவாக. அவுக என்னையத் தெருவுல போடுவாக. கட்டாத வீட்டுக்காக இருக்கிற வீட்டை விடச் சொல்றியா தாயி?”

அவர் சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கிராம்பைப் பல்லில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். “விசாலம் அக்கா உன் காலேஜ் ஃபீஸுக்கு நகையை அடகு வெச்சுக் குடுத்த மனுசி. அவுக மேல நான் எழுதிக் குடுக்க மாட்டேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நம்ம தெருவுக்கு யாரு எழுத வந்தது?” என்று கேட்டாள்.

“நான்தான்.”

“நம்ம கதவை?”

“நான்தான்மா.”

அம்மா கிராம்பை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு தட்டில் சோறு போட்டாள். எனக்கு அப்பளமும் வைத்தாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திருப்பூரிலிருந்து அப்பா போன் பண்ணினார். பனியன் கம்பெனியில் வாட்ச்மேன், இரண்டு பண்டிகைக்கு மட்டும் வருவார். “என்ன ஆபீசரம்மா, எங்களுக்கு வீடு உண்டா?” என்று சிரித்தார். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விசாலம் பெரியம்மா: “எட்டு, ஒன்பது, பத்து. மயக்க மருந்து டாக்டருங்களாம்.”

அம்மா “சரிக்கா” என்றாள்.

கணக்கெடுப்பாளர் கையேடு 62 பக்கம். பயிற்சியன்று முதல் பத்துப் பக்கங்களை மட்டும் வாசித்துக் காட்டினார்கள். இன்று மதியம் மீதியைப் படித்தேன். 47ஆம் பக்கத்தில் இருக்கிறது: வழக்கமான வீட்டைவிட்டுத் தற்காலிகமாக வேறு இடத்தில் தங்கியிருக்கும் குடும்பத்தை, தங்கியிருக்கும் இடத்திலேயே வைத்துக் கணக்கெடுக்கலாம். வழக்கமான வீட்டின் கதவு எண்ணையும் அதைக் காட்டும் ஒரு அடையாளத்தையும் குறித்தால் போதும். முந்தைய பதிவை அது மாற்றிவிடும். இடம் மாறிய காரணத்தை எழுதத் தேவையில்லை.

காரணத்தை எழுதத் தேவையில்லை. மூன்று தடவை படித்தேன். யாரும் யார் மேலும் எழுதிக் கொடுக்க வேண்டாம். எட்டாம் தேதி முப்பத்தொரு குடும்பமும் ஒரே இடத்தில் இருக்கும். கதவு எண் ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருக்கும்.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. கணக்கெடுப்பாளர் தன் சொந்தக் குடும்பத்தைப் பதிவு செய்யக்கூடாது. மேலதிகாரி நேரில் வந்து பதிய வேண்டும்.

அந்த வரியையும் மூன்று தடவை படித்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலை பத்தரைக்குச் சார் அறைக்குள் போனேன். வெளியே வந்தேன். பதினொன்றுக்குப் போனேன். அவர் போனில் இருந்தார், வந்துவிட்டேன். மும்தாஜ் அக்கா, “என்னடி, கோயில் பிரகாரமா சுத்துற?” என்றார்.

பன்னிரண்டுக்குப் போய்க் கையேட்டின் 47ஆம் பக்கத்தைத் திறந்து, தனியாக எடுத்திருந்த 31 படிவங்களோடு மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார்.

“இருக்கு. ஆனா இவங்க எல்லாம் எங்க தங்கியிருக்காங்க? நமக்கு எப்படித் தெரியும்?”

“பூண்டு குடோன்ல சார். எட்டாம் தேதி இருப்பாங்க.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு சிமெண்டுத் தரை. நடுவில் ஒரு விரிசல் ஓடி மேசைக்கு அடியில் போகிறது.

“நானும் அங்கதான் சார் இருப்பேன். போன மாசமும் அங்கதான் இருந்தேன். 4/17 எங்க வீடு. சொந்த வீடு இல்ல, வாடகை. நீங்க சொந்த வீடுன்னு சொன்னப்ப நான் இல்லைன்னு சொல்லல. அந்த வீட்டுக்கு நான்தான் மூணுன்னு போட்டேன்.”

இவ்வளவு நீளமாக நான் அந்த அலுவலகத்தில் பேசியதே இல்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“மழைல, முப்பது குடும்பம், குடோன்லயா? மாநாடு நல்லபடியா நடந்துச்சுன்னு நான் மாவட்டத்துக்கு ரிப்போர்ட் அனுப்பினேனே.” பிறகு வெளியே பார்த்து, “மும்தாஜ், உனக்குத் தெரியுமா இது?” என்றார்.

மும்தாஜ் அக்கா கதவோரம் வந்து நின்றார். “தெரியும் சார். எங்க மாடில இருக்கறவங்களையும் நான் ஒதுங்கத்தான் சொல்வேன்.” அவர் குரல் வழக்கம்போல் இல்லை. “எல்லாரும் செய்யறது சார். கணக்குல வரும்னு யாருக்குத் தெரியும்?”

“அந்த வீட்டுக்காரங்களுக்கு அபராதம் வருமா சார்?” என்று கேட்டேன்.

சார் படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். “இதுல அப்படி ஒரு கேள்வியே இல்லையேம்மா” என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விடியற்காலையிலிருந்து பனி. ஒன்பது மணிக்குப் படிவத்தோடு குடோனில் முதல் சேலைத் தடுப்புக்கு முன்னால் நின்றேன். தட்டுவதற்குக் கதவில்லை. “வணக்கம், பேரூராட்சியிலருந்து வர்றேன்” என்றேன்.

உள்ளேயிருந்து பவுல்ராஜ் மாமா, “பேரூராட்சியா, இப்பத்தான பக்கத்துல பல்லு விளக்கிக்கிட்டு இருந்துச்சு” என்றார். எல்லாத் தடுப்புகளுக்குப் பின்னாலிருந்தும் சிரித்தார்கள்.

காரணம் கேட்கமாட்டேன் என்பதை நம்ப வைக்கத்தான் நேரமானது. 47ஆம் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்போதும் மாமா தயங்கினார். நான் அவருடைய பெட்டியைப் பார்த்து 4/9 என்று எழுதினேன். “நான் ஒண்ணும் சொல்லலப்பா, பெட்டிதேன் சொல்லிருச்சு” என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். அப்புறம் எளிதாகிவிட்டது. வாசலில் இருந்த பெட்டி, மெத்தை, குக்கர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணை எழுதினேன். பேர், எத்தனை ஆள், எத்தனை வருஷம் என்பதை அவர்கள் சொன்னார்கள். பதினெட்டுக் கேள்விகள், முப்பது வீடு. இரண்டு குடும்பங்களுக்கு மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் மனை இருந்தது. மறைக்காமல் சொன்னார்கள். அடித்துவிட்டேன். 28.

மூன்று மணிக்குக் குமாரசாமி சார் குடையோடு வந்தார். வாசலிலேயே நின்று மேலும் கீழும் பார்த்தார். கொடிகளில் ஈரத்துணி, சாக்கின்மேல் பாடப் புத்தகங்கள், ஒரே வரிசையில் முப்பத்தொரு அடுப்பு. பிறகு பூண்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்து படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“குடும்பத் தலைவர்?”

“அருள்மேரி” என்றாள் அம்மா. அவள் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, சீருடையோடு வந்திருந்தாள்.

“சொந்த வீடு இருக்கா?” அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். நான் சொன்னேன். “இல்ல சார்.” தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. பின்னாலிருந்த தடுப்பில் யாரோ குக்கரைக் கீழே வைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் விசாலம் பெரியம்மா தூக்குச் சட்டியில் சுக்குக் காபியோடு உள்ளே வந்தார்.  அவர் சாரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், எங்கள் பெட்டியைப் பார்த்தார்.

“எழுதுறீகளா? எழுதுங்க. எல்லாரும் வீடு கெடச்சுப் போயிட்டா எனக்கு எவ வாடகைக்கு வருவா? டாக்டருங்க வருசம் பூராவுமா வருவாக?” அவருக்குக் கோபமா பயமா என்று தெரியவில்லை. பிறகு முதல் டம்ளரை அம்மாவிடம்தான் நீட்டினார். “நல்லா ஆறட்டும், அப்புறம் குடி. பல்லுல படாம குடி.”

சார் கடைசிக் கேள்வியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்தபோது அவர் பேண்ட்டில் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மயக்க மருந்து டாக்டர்கள் போய்விட்டார்கள். அலுவலகத்தில் இன்னும் என்மேல் பூண்டு வாசனை. துப்பட்டாவைத் துவைக்கவில்லை. மும்தாஜ் அக்கா ரசமா என்று கேட்கவில்லை. அவர் டப்பாவிலிருந்து பாதி மீனை என் தட்டில் வைத்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

133. மாவட்டத்துக்குப் போய்விட்டது. இடம் நம்முடையது.

ஆகஸ்ட் 20, புதன்

அரசு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். வரிசையில் மூன்று மணி நேரம், நாற்காலியில் மூன்று நிமிஷம். அதைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். எதற்கென்று கேட்டால், “இம்புட்டு நாள் வாடகை குடுக்காம இருந்துச்சுல்ல, மூஞ்சியைப் பார்த்துக்கறேன்” என்கிறாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று குலுக்கல். 133 குடும்பம், 120 வீடு. மாநாட்டு மையத்தின் சின்ன அரங்கில் வைத்திருந்தார்கள். பெரிய அரங்கில் சிமெண்டு வியாபாரிகள் மாநாடு, அதனால் நேற்றிலிருந்து நாங்கள் மறுபடி குடோனில். அடிக்கல் நாட்டி, கட்டி முடிக்க இரண்டு வருஷமாவது ஆகும். அதுவரை ஒதுங்கத்தான் வேண்டும்.

முன்வாசல் வழியாக அம்மா அந்த மையத்துக்குள் நுழைந்தது இதுதான் முதல் தடவை. காலையில் அவளே துடைத்த தரையில் செருப்போடு நடக்க முடியாமல் ஓரமாக நடந்தாள்.

பவுல்ராஜ் மாமாவுக்கு வந்தது. இரண்டாவது மாடி. “ஏறி இறங்க முடியாது, ஜீப்பை மாடிக்குக் கொண்டுபோக வழி விடுவாகளா?” என்று மைக்கிலேயே கேட்டார். 4/12க்கு வந்தது. 4/15க்கு வந்தது. 120ஆவது சீட்டை எடுத்தார்கள். வாசித்தார்கள்.

எங்களுக்கு வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் ஐந்தாவது. யாராவது வேண்டாமென்று விட்டால் கிடைக்கும். பரவாயில்லை. அம்மாவும் பரவாயில்லை என்றாள். இடம் காப்பாற்றப்பட்டது பெரிய விஷயம். பரவாயில்லை. அம்மா நாக்கால் பல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காத்திருப்போருக்கு அட்டை எழுத, மாவட்டத்திலிருந்து வந்த பெண் அதிகாரி ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, நல்ல பட்டுச் சேலை. நான் குனிந்தபோது மூக்கைச் சுருக்கினார். அவருக்கே சங்கடமாகிவிட்டது போலும், உடனே சிரித்தார்.

“நீதானேம்மா அந்தக் கணக்கெடுப்புப் பொண்ணு? குமாரசாமி சொன்னார். உட்கார். எங்க குடியிருக்க?”

குமாரசாமி சார் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அம்மா எனக்குப் பின்னால். அவளுக்கும் பின்னால் விசாலம் பெரியம்மா, குலுக்கல் பார்க்க வந்தவர்.

“சவேரியார் தெரு, 4/17, மேடம். வாடகை வீடு” என்றேன். “மாநாடு இருக்கற நாள்ல மட்டும் பூண்டு குடோன்.”

அவர் பேனா நின்றது. “ரெண்டையும் எழுதவா?”

“ரெண்டையும் எழுதுங்க மேடம்.”

எழுதினார். எண் சரிதானா என்று திருப்பிக் கேட்டார். சரி என்றேன்.